தொலைதூர வேட்டைக்கு எத்தனை பவர் ஸ்கோப்? சின்ன எண்ணிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணா, ஸ்கோப் வாங்கியாச்சு. 5-25. இதுக்கு மேல பெரிசு கடையிலேயே இல்லைன்னுட்டாங்க."

டென்வரில் இருக்கும் தம்பி ஒருவன் போன ஆகஸ்ட்டில் இப்படி அழைத்தான். துப்பாக்கியின் மேல் மாட்டும் தொலைநோக்கியைத்தான் சொல்கிறான். அவனுக்கு முதல் எல்க் வேட்டை; எல்க் என்பது அங்குள்ள பெரிய மான் இனம். குலுக்கலில் டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) விழுந்த சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: "அஞ்சுக்குக் கீழ இறங்காதுல்ல?" அவனுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. "25 இருக்கேண்ணா" என்றான்.

அன்று அவனிடம் ஒன்றரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். அங்கே இருப்பவர்களுக்கு இது வெறும் ஒளியியல் பாடம். கொலராடோ, வயோமிங், மொன்டானா பக்கம் வந்து சேர்ந்து, ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்து, உரிமம் வாங்கி மலையேறுகிற நம்மவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எண்களைப் படிப்பது எப்படி

ஸ்கோப் பெட்டியின் மேல் 3-9×40 என்று போட்டிருந்தால், உருப்பெருக்கம் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை மாறும், முன் லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். 10 பவரில் வைத்து 400 கஜத்தில் நிற்கும் மானைப் பார்த்தால், 40 கஜத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பது போலத் தெரியும். அவ்வளவுதான் கணக்கு.

கடையில் எல்லாரும் பேசுவது நடுவில் இருக்கும் பெரிய எண்ணைப் பற்றி. எனக்கு முக்கியம் முதலில் இருக்கும் சின்ன எண். ஏன் என்று கீழே வருகிறது. அதற்கு முன் உங்கள் தூரம் எது என்று தெரிய வேண்டும்.

முதல் வேலை: உங்கள் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

துப்பாக்கியின் தூரம் வேறு, உங்கள் தூரம் வேறு. 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகை ஆயிரம் கஜம் போகும் என்று பெட்டியில் போட்டிருக்கலாம். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் உங்களுக்கும் போகலாம். ஆனால் மூச்சிரைக்க ஒரு சரிவு ஏறிவந்து, முதுகுப்பையைக் கீழே போட்டு, அதன் மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும்போது எவ்வளவு தூரம்?

இதற்கு மிகச் சாதாரணமான ஒரு சோதனை இருக்கிறது. பொங்கல் விழாவில் இட்லி போட்டுத் தருகிற 9 அங்குல பேப்பர் தட்டுகளில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரேஞ்சில் 100, 200, 300, 400 கஜத்தில் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். மேசையைத் தொடாதீர்கள். உட்கார்ந்து, மண்டியிட்டு, பையின் மேல் படுத்து என்று வேட்டையில் சுடும் நிலைகளில் மட்டும் சுடுங்கள். பத்துத் தோட்டாவும் தட்டில் விழும் கடைசித் தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். எட்டு விழுந்தது என்றால் அது உங்கள் தூரம் அல்ல. விழாமல் போன இரண்டும் மலையில் காயம்பட்டு ஓடுகிற இரண்டு மான்கள்.

9 அங்குலம் ஏன்? பிராங்ஹார்ன் என்ற சமவெளி மான் போன்ற விலங்கின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்ப்பகுதி ஏறக்குறைய அந்த அளவுதான். மியூல் மானுக்கு அதைவிட ஓர் அங்குலம் கூடுதல். எல்க்குக்கு 14 அங்குலம் வரை இருக்கும், ஆனால் எல்க்கை வைத்துப் பயிற்சி செய்தால் கை சோம்பேறியாகிவிடும்.

முதன்முறை இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் 250 கஜத்தோடு திரும்பிவந்திருக்கிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். நாலைந்து வருடம் சுட்ட பிறகு 400. அதைத் தாண்டி நான் விலங்கின் மேல் சுடுவதில்லை. இதில் பிறர் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: 500 கஜத்தைக் கடக்க 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் எல்க் ஓரடி எடுத்து வைத்துவிடும். குறுக்கே மணிக்கு 10 மைல் காற்று அடித்தால் தோட்டா ஏறக்குறைய ஓரடி விலகிப் போகும். 25 பவர் இந்த இரண்டையும் தடுக்காது. விலங்கைப் பெரிதாகக் காட்டும், அதனால் நீங்கள் பக்கத்தில் இருப்பதாக நம்பவைக்கும். அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் இதைப் பற்றி ஒரு நிலைப்பாடே எடுத்திருக்கிறது. தொலைதூர வேட்டை என்பதற்கு அவர்கள் கஜக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. சுடுபவரின் நோக்கத்தைப் பார்க்கிறார்கள். எவ்வளவு தூரம் போகும் என்று கருவியைச் சோதித்துப் பார்க்க உயிருள்ள விலங்கைக் குறியாக வைத்தால் அது வேட்டையே அல்ல என்பது அவர்கள் கட்சி. நான் அந்தக் கட்சி.

மேல் எண்: கஜத்தை வைத்துக் கணக்கு

இப்போது உங்கள் தூரம் தெரியும். நூறு கஜத்துக்கு ஒரு பவர் இருந்தால் சுட முடியும். இரண்டு பவர் இருந்தால் நிம்மதியாகச் சுடலாம். இதுதான் பழைய கைக்கணக்கு. 300 கஜம் உங்கள் எல்லை என்றால் 6 போதும். 500 என்றால் 10.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "500 கஜத்துக்குப் பத்தா?" என்பார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கண் ஒரு கலை கோணம் வரை பிரித்தறியும். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அது. துப்பாக்கிக்காரர்கள் எம்ஓஏ என்று சொல்வதும் அதைத்தான். அது 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம், 500 கஜத்தில் ஐந்து அங்குலம். 10 பவர் ஸ்கோப் அதைப் பத்தாக வகுத்துக் கொடுக்கிறது: 500 கஜத்தில் அரை அங்குல விவரம் தெரியும். நீங்கள் தேடுவது 9 அங்குலமோ 14 அங்குலமோ உள்ள ஒரு பகுதி. அரை அங்குலத்துக்கும் கீழே பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள், ரோமத்தை எண்ணவா?

அமெரிக்க ராணுவம் 1988-இல் எம்24 ஸ்னைப்பர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டபோது அதன் மேல் வைத்தது லியூபோல்டின் 10×42. கூட்டிக் குறைக்க வழியில்லாத நிலையான 10 பவர். அந்தத் துப்பாக்கிக்கு அவர்கள் சொன்ன பயன்தூரம் 800 மீட்டர். மரீன் படையின் எம்40ஏ1-இலும் உனெர்ட்டலின் நிலையான 10 பவர்தான். தொழில்முறையில் சுடுகிறவர்கள் பத்து பவரோடு பல காலம் வேலை செய்திருக்கிறார்கள். எல்க் அவ்வளவு சின்னதில்லை.

விதிவிலக்கு உண்டு. பிரெய்ரி டாக் என்ற அணில் போன்ற சின்ன விலங்கைச் சுடுகிறவர்களுக்கு மூன்று அங்குல அகலமுள்ள குறி 300 கஜத்தில் நிற்கும். அவர்களுக்கு 20-க்கு மேல் வேண்டும், தவறில்லை. இரும்புத் தகட்டில் ஆயிரம் கஜம் சுடுகிறவர்களுக்கும் அப்படியே. கண் மங்கத் தொடங்கியவர்கள் கைக்கணக்கோடு நாலைந்து பவர் கூட்டிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு, என் கருத்தில், பெரிய வேட்டைக்கு 15 அல்லது 16 என்பது கூரை.

கீழ் எண்: இங்கேதான் வேட்டை கைநழுவுகிறது

இதற்கும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது. நூறை பவரால் வகுத்தால், 100 கஜத்தில் ஸ்கோப்புக்குள் எத்தனை அடி அகலம் தெரியும் என்று கிட்டத்தட்ட வந்துவிடும். 3 பவரில் 33 அடி. 9-இல் 11 அடி. 25-இல் 4 அடி. ஸ்கோப்புக்கு ஸ்கோப் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இதை நான் கற்ற விதம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், கொலராடோவில் அக்டோபர் நடுவில், எல்க் சீசனின் இரண்டாம் நாள். என்னிடம் அப்போது 6-18 ஸ்கோப். விடியற்காலையில் எதிர்ச்சரிவில் ஒரு கூட்டத்தைப் பார்க்க 18-இல் வைத்தேன். கூட்டம் மறைந்தது. பவரை மாற்றும் வளையத்தைத் திருப்பாமல் அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு கீழே ஆஸ்பென் தோப்புக்குள் இறங்கினேன். உதிர்ந்த இலை ஈரமாக இருந்ததால் காலடிச் சத்தமே இல்லை. அறுபது கஜம் இருக்கும், வெள்ளை மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய ஆண் எல்க் தலையைத் தூக்கியது. கொம்பு நுனிகள் வெளுத்துத் தெரிந்தன.

துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். உள்ளே ஒரே பழுப்பு மயிர்.

தோளா, தொடையா, கழுத்தா என்று எதுவும் தெரியவில்லை. 18 பவரில், அறுபது கஜத்தில், எனக்குத் தெரிந்தது மூன்றரை அடி அகலம். எல்க்கின் உடம்பு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். துப்பாக்கியை இடமும் வலமும் அசைத்தேன்: மயிர், மரப்பட்டை, மயிர். இடது கையை நீட்டி வளையத்தைத் திருப்பப் பார்த்தேன். கையுறை வழுக்கியது, ராத்திரிக் குளிரில் உள்ளே கிரீஸ் இறுகி வளையம் கல்லாக இருந்தது. மறுபடி தலையைத் தூக்கிப் பார்த்தபோது கிளை முறிகிற சத்தம் மட்டும் கீழே இறங்கிப்போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் வேறு எல்க் எதையும் பார்க்கவில்லை.

என்னோடு வரும் ஒரு ரேன்ச்சுக்காரர், எழுபதைத் தாண்டியவர், அன்று மாலை கதையைக் கேட்டுவிட்டுத் தன் துப்பாக்கியைக் காட்டினார். .30-06, அதன் மேல் எல் பாஸோவில் செய்த வீவர் கே4. நிலையான 4 பவர். வளையமே கிடையாது. "எனக்கு மறந்துபோக ஒன்றுமில்லை" என்றார். அவர் வீட்டு உறைபெட்டி ஒவ்வொரு குளிர்காலமும் நிறைந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கீழ் எண்ணை இப்படித் தேர்ந்தெடுங்கள். காட்டுக்குள்ளும் போவீர்கள் என்றால் 2.5 அல்லது 3. சேஜ் புதர் மட்டும் உள்ள திறந்த சமவெளி என்றால் 4 வரை போகலாம். 5-இல் தொடங்கும் ஸ்கோப்பை எல்க் துப்பாக்கியில் நான் வைக்க மாட்டேன். "தொலைதூரத் துப்பாக்கி" என்று நீங்கள் பெயர் வைத்துக்கொள்ளலாம். எல்க்குக்கு அது தெரியாது.

கீழ் எண்ணால் இன்னொரு லாபமும் இருக்கிறது. சுட்டதும் துப்பாக்கி உதைத்து மேலே எழும். 20 பவரில் அந்த உதையோடு விலங்கு படத்தைவிட்டே போய்விடும். பட்டதா, எங்கே பட்டது, கூட்டத்தில் எந்த மான் அது என்று தெரியாது. எட்டு பத்து பவரில் சுட்டால் தோட்டா பட்டதும் மான் குனிவதைப் பெரும்பாலும் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டாவது தோட்டா தேவையா என்ற முடிவு அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

ஸ்கோப் பைனாகுலர் அல்ல

பெரிய பவர் வாங்குகிறவர்களில் பலர் சொல்லும் காரணம்: "கொம்பை எண்ணணுமே." நியாயமான கவலைதான். கொலராடோவின் பல பகுதிகளில் ஆண் எல்க்கைச் சுட வேண்டுமானால் ஒரு பக்கக் கொம்பில் நாலு முனையாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் புருவக் கிளை (நெற்றிக்கு மேல் நீளும் அடிக்கிளை) ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். எண்ணாமல் சுட்டால் அபராதம்.

ஆனால் அந்த வேலைக்குக் கழுத்தில் 10×42 பைனாகுலர் இருக்கிறது, முக்காலியில் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் தனித் தொலைநோக்கி இருக்கிறது. துப்பாக்கி ஸ்கோப்பால் தேடுவது என்றால், குழல் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். எதிர்ச்சரிவில் ஆரஞ்சுச் சட்டை போட்ட இன்னொரு வேட்டைக்காரர் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருப்பார்; அவர் கண்ணுக்கு நேராக உங்கள் குழல். அவர் இடத்தில் நான் ஒருமுறை இருந்திருக்கிறேன். வயிறு கலங்கிவிடும். என் பழைய கதையில் 18 பவரில் கூட்டத்தைப் "பார்த்தேன்" என்றேனே, அதுவும் இதே தப்புதான்.

பைனாகுலருக்கும் ஸ்கோப்புக்கும் சேர்த்து ஒரு தொகை வைத்திருந்தால், பாதியையாவது பைனாகுலருக்குக் கொடுங்கள். நாள் முழுக்கக் கண்ணில் இருப்பது அது. ஸ்கோப் கண்ணில் இருப்பது சில விநாடிகள்.

அந்திவெளிச்சக் கணக்கு

கொலராடோவிலும் வயோமிங்கிலும் சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரை சுடலாம். மான்கள் வெளியே வருவதும் அந்த இரண்டு அரை மணிகளில்தான். அப்போது பவர் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

முன் லென்ஸின் விட்டத்தைப் பவரால் வகுத்துப் பாருங்கள். ஸ்கோப்பின் பின்னால் வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 44 மில்லிமீட்டர் லென்ஸ் 16 பவரில்: 2.75. அதே ஸ்கோப் 8 பவரில்: 5.5. இருட்டும் நேரத்தில் நம் கண்மணி விரியும். இளம்வயதில் 7 மில்லிமீட்டர் வரை, நாற்பது ஐம்பது தாண்டினால் ஐந்து அளவுக்கு. 5 மில்லிமீட்டர் திறந்திருக்கும் கண்ணுக்குள் 2.75 மில்லிமீட்டர் ஒளி போனால் படம் மங்கலாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பவரைக் குறைத்தால் படம் சின்னதாகும், ஆனால் பளிச்சென்று ஆகும். புதருக்கும் மானுக்கும் உள்ள வேறுபாடு திரும்பி வரும்.

நண்பகலில் கண்மணியே 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும் என்பதால் இந்தக் கணக்கு அப்போது தேவைப்படாது.

பெரிய லென்ஸ் வாங்கினால் தீர்ந்ததா? 56 மில்லிமீட்டர் லென்ஸ் 10 பவரில் 5.6 கொடுக்கும். ஆனால் அதைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்க உயரமான வளையங்கள் வேண்டும், கன்னம் துப்பாக்கிக் கட்டையைவிட்டு எழும்பும், எடை கூடும். மலைக்கு 40 முதல் 44 வரை போதும் என்பது என் அனுபவம். குழாய் 30 மில்லிமீட்டரா, ஓர் அங்குலமா என்பதற்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமில்லை. தடித்த குழாய் திருகி ஏற்றி இறக்க அதிக இடம் கொடுக்கிறது, அவ்வளவே.

கானல்

வயோமிங் சமவெளியில் செப்டம்பர் மத்தியானம் பிராங்ஹார்ன் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 20 பவரில் பார்த்தால் மான் தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும். கால்கள் உருகி ஓடும், வயிற்றுக் கோடு மேலும் கீழும் அலையும். பவரைக் கூட்டக் கூட்ட மானோடு சேர்ந்து கானலும் பெரிதாகும். 10, 12-க்கு இறக்கினால் நெளிவு அடங்கி மான் மறுபடி மானாகும். 25 பவர் வாங்கியவர்கள் அதில் பாதியை வெயில் நாளில் பயன்படுத்தவே முடியாமல் தவிப்பது இதனால்தான்.

ஆனால் கானலைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். அது எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்தால் காற்றின் போக்கு தெரியும். நேராக மேலே கொதித்தால் காற்று ஓய்ந்திருக்கிறது, இல்லையென்றால் உங்களை நோக்கியோ உங்களைவிட்டு விலகியோ அடிக்கிறது. தொலைதூரம் சுடுகிறவர்கள் இதை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் படிப்பார்கள்.

கை நடுக்கமும் இதே கதைதான். பவர் கூடினால் நடுக்கம் கூடுவதில்லை, கண்ணுக்குத் தெரிவது மட்டும் கூடுகிறது. ஆனால் குறுக்குக்கோடு மானின் மேல் ஊசலாடுவதைப் பார்க்கும் மனம், அது நடுவுக்கு வரும் கணத்தில் விசையைச் சட்டென்று இழுத்துவிடும். குறி தப்புவது அங்கே. 8 பவரில் அந்த ஊசலாட்டம் கண்ணை உறுத்தாது, விரல் நிதானமாக அழுத்தும்.

முதல் குவியத்தளமா, இரண்டாம் குவியத்தளமா?

பவரைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் இங்கே ஒரு தவறு மூன்றரை அடிக்குச் சமம்.

இரண்டாம் குவியத்தள ஸ்கோப்பில் பவரைக் கூட்டினாலும் குறைத்தாலும் குறுக்குக்கோடு அதே அளவில் இருக்கும். மான் மட்டும் பெருக்கும், சிறுக்கும். அதனால் கோட்டில் போட்டிருக்கும் கீழ்க்குறிகளின் மதிப்பு ஒரே ஒரு பவரில்தான் சரி. பெரும்பாலும் அது உச்ச பவர். முதல் குவியத்தளத்தில் கோடும் மானோடு சேர்ந்து பெருக்கும், அதனால் குறிகள் எந்தப் பவரிலும் சரி.

எண்ணோடு பார்ப்போம். 6.5 கிரீட்மோரை 200 கஜத்துக்கு ஸீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறுக்குக்கோட்டின் நடுவிலேயே தோட்டா விழும்படி சரிசெய்தால், 500 கஜத்தில் தோட்டா ஏறக்குறைய மூன்றரை அடி கீழே இறங்கும். எம்ஓஏ கணக்கில் எட்டு. இரண்டாம் குவியத்தள 4-16 ஸ்கோப்பில் எட்டாம் குறியை மானின் மேல் வைத்துச் சுடுகிறீர்கள். பவர் 16-இல் இருந்தால் சரி. அந்திவெளிச்சத்துக்காக 8-க்கு இறக்கியிருந்தால் அந்தக் குறியின் மதிப்பு இப்போது 16 எம்ஓஏ. தோட்டா மானுக்கு மூன்றரை அடி மேலே பறக்கும். பவர் பாதியானால் குறியின் மதிப்பு இரட்டிக்கும் என்பதை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் முதல் குவியத்தளம்தானே நல்லது? முழுக்க அப்படியும் இல்லை. 3, 4 பவருக்கு இறக்கும்போது கோடும் மெலிந்து சிலந்தி நூல் போல ஆகிவிடும். தோப்பின் நிழலில் கண்ணுக்கே தெரியாது. ஒளிரும் குறுக்குக்கோடு இருந்தால் சமாளிக்கலாம்.

என் தேர்வு இது: தூரத்துக்கு ஏற்ப மேல் டர்ரெட்டை (ஸ்கோப்பின் மேலுள்ள திருகுக் குமிழ்) திருகிச் சுடுகிறவர் என்றால் இரண்டாம் குவியத்தளம் போதும், ஏனென்றால் டர்ரெட்டின் கிளிக்குக்கும் பவருக்கும் தொடர்பில்லை. காற்றுக்கும் கோட்டுக் குறியையே நம்பாமல் அதையும் திருகிக்கொள்வீர்கள் என்றால் இன்னும் நல்லது. கீழ்க்குறிகளை வைத்துச் சுடும் பழக்கம் உள்ளவர் முதல் குவியத்தளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பதே நல்லது.

எடை, கண் வைக்கும் இடம், பாரலாக்ஸ்

இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

லியூபோல்டின் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40 ஏறக்குறைய 350 கிராம். வோர்டெக்ஸின் ரேஸர் ஜென் 2, 4.5-27×56, ஏறக்குறைய 1.37 கிலோ. இரண்டாவது அருமையான கண்ணாடிதான், மறுப்பில்லை. ஆனால் நடுவில் ஒரு கிலோ வித்தியாசம். பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு கிடைக்காமல் ஏறும்போது அந்த ஒரு கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர். ஐடஹோ மாநிலத்தில் ஸ்கோப், வார் எல்லாம் சேர்த்துத் துப்பாக்கி 16 பவுண்டைத் தாண்டினால் அதை வைத்துப் பெருவிலங்கு வேட்டையாடவே கூடாது. இந்தப் போட்டி எங்கே போகிறது என்று அந்த மாநிலம் முன்பே யோசித்திருக்கிறது.

பவர் கூடக் கூட, கண்ணைச் சரியாக எங்கே வைக்க வேண்டுமோ அந்த இடம் சுருங்கும். தலை ஓர் இழை நகர்ந்தாலும் பிறைநிலா போல ஒரு கறுப்பு நிழல் ஓரத்தில் ஏறும். மேசையில் இது தெரியாது, பாறைமேல் கோணலாகப் படுத்திருக்கும்போது தெரியும். மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்தால் 4, 5 வருகிற ஸ்கோப்கள் இதில் பொதுவாக மன்னிக்கும் குணமுள்ளவை. 8 மடங்கு ஸூம் வேண்டும் என்றால் அதை நல்லபடி செய்திருக்கும் விலையுயர்ந்த கண்ணாடிக்குப் போக வேண்டும்.

பாரலாக்ஸை நம் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இடமாறு தோற்றப்பிழை என்று எழுதியிருப்போம். துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். குறுக்குக்கோடு குறியின் மேல் ஊர்ந்தால் அதுதான். சாதாரண வேட்டை ஸ்கோப்களில் பெரும்பாலும் 100 அல்லது 150 கஜத்துக்குச் சரிசெய்து மூடியிருப்பார்கள். 10 பவருக்கு மேல் போகும் ஸ்கோப் வாங்கினால் பக்கவாட்டில் இதற்கான திருகு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் என்ன செய்வது

சுவரில் ஒட்டியிருக்கும் மான் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் இருக்கும். துப்பாக்கியில் மாட்டாத ஸ்கோப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகக் கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் விடுவார்கள். முடிந்தால் சாயங்காலம், வெளிச்சம் இறங்கும் நேரத்தில் போங்கள். வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில், மர நிழலில் இருக்கும் ஒரு வண்டியின் நம்பர் பலகையைப் படியுங்கள். பவரை மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த எண்ணில் படம் பெரிதாவதை நிறுத்தி மங்கத் தொடங்குகிறதோ, அந்த ஸ்கோப்பின் உண்மையான உச்சம் அந்த நேரத்துக்கு அதுதான். 24 என்று எழுதியிருந்து 16-லேயே மங்கினால் நீங்கள் 16-க்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

அப்புறம் கையுறை எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கையுறையோடு வளையம் திரும்புகிறதா? இறுக்கமாக இருந்தால் ஒரு த்ரோ லீவர் மாட்டிக்கொள்ளலாம். விரல் நீளத்தில் வளையத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கைப்பிடி அது. என் கதையில் அது இருந்திருந்தால் கதையே வேறு.

எதை வாங்கலாம் என்று நேராகக் கேட்டால்: காடும் புல்வெளியும் கலந்த எல்க் நிலத்துக்கு 3-15×44 அல்லது 2.5-10×42. வயோமிங் சமவெளியில் பிராங்ஹார்னும் மியூல் மானும் என்றால் 4-16×44. எல்லாவற்றுக்கும் ஒரே துப்பாக்கிதான், 300 கஜத்தைத் தாண்டப் போவதில்லை என்றால் பழைய 3-9×40-க்கு இன்னமும் ஒரு குறையும் இல்லை. மிச்சமாகும் காசில் தோட்டா வாங்கிப் பேப்பர் தட்டுகளைத் துளையுங்கள்.

மாட்டிய பிறகு

ஸீரோ செய்யும்போது உச்ச பவரில் செய்யுங்கள், அங்கே அது உதவும். ஸீரோ ஆனதும் பவரைக் கீழே இறக்கி இன்னொரு மூன்று தோட்டா சுட்டுப் பாருங்கள். நல்ல ஸ்கோப்பில் தோட்டாக்கள் அதே இடத்தில் விழும். விலகினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில், தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான சுவரை நோக்கி ஒரு பயிற்சி: கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வையுங்கள், பிறகு திறங்கள். முழு வட்டமும் தெரிய வேண்டும். கறுப்புப் பிறை தெரிந்தால் ஸ்கோப்பை வளையங்களில் முன்னோ பின்னோ நகர்த்துங்கள். கனமான குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள், ஏனென்றால் சட்டையின் கனத்துக்குத் துப்பாக்கி ஓர் அங்குலம் முன்னால் போகும்.

மலையில் ஒழுங்கு ஒன்றுதான். நடக்கும்போது வளையம் எப்போதும் கீழ் எண்ணில். 300 கஜத்துக்கு அப்பால் மான் தெரிந்தால் பையை இறக்கி, படுத்து, தூரமானியில் தூரம் பார்த்து, அப்புறம் பவரைக் கூட்ட நேரம் நிறைய இருக்கும். அறுபது கஜத்தில் எழுந்து நிற்கும் எல்க் குறைக்க நேரம் தராது. மதியம் கொஞ்சம் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு எழும்போதும் ஒருமுறை வளையத்தைத் தொட்டுப் பாருங்கள்.

டென்வர் தம்பி 5-25-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு 3-15 வாங்கினான். மிஞ்சிய காசுக்குப் பைனாகுலர். அக்டோபரில் ஒரு பெண் எல்க் அடித்தான். தூரமானி 140 கஜம் காட்டியதாம். "எத்தனை பவர்ல வெச்சிருந்தே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாக்கவே இல்லண்ணா, காலைல வெச்ச மூணுலயே இருந்திருக்கும்" என்றான்.